பார்வையாளர் தேவைப்படாத லீக்: சென்னைக் கிரிக்கெட்டும் கம்பெனிகளும் – சில குறிப்புகள்

கிரிக்கெட்டைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் எழுத வந்தால் இரண்டு தரப்பும் முகம் சுளிக்கும். தோழர்களைப் பொறுத்தவரை அது மக்களை மயக்கும் சரக்கு. கண்டித்து ஒரு பாரா எழுதினால் போதும். இலக்கிய நண்பர்களுக்கு அது மாம்பலத்து மாமாக்கள் சமாச்சாரம். டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர்களின் பழைய வியாதி. இரண்டு பார்வையுமே பார்வையாளனை மட்டும் வைத்து யோசிக்கின்றன. கூட்டம், கூட்டத்தின் மயக்கம், அந்த மயக்கத்தைக் காசாக்கும் முதலாளி. இது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பேச நினைப்பது பார்க்க ஆளே இல்லாத கிரிக்கெட்டைப் பற்றி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிற சென்னை லீக். முதல் டிவிஷனிலிருந்து ஐந்தாறு படி கீழே வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கிளப்புகள், வருஷா வருஷம் சிலது மேலே ஏறும், சிலது கீழே இறங்கும். பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த லீக்கின் ஒரு மேட்சுக்காவது டிக்கெட் வாங்கிப் போனேன் என்று சொல்லும் ஒருவரை நான் சந்தித்ததில்லை. டிக்கெட் என்றே ஒன்று கிடையாது.

டிக்கெட் இல்லாமல், கூட்டம் இல்லாமல், டி.வி. இல்லாமல் ஒரு லீக் இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தது? யார் செலவழித்தார்கள், எதற்காக?

நான் தாம்பரத்துக்காரன். தொண்ணூறுகளில் நாலு சீசன் கீழ் டிவிஷன் ஒன்றில் ஒரு கம்பெனியின் டீமில் இருந்தேன். (ஆடினேன் என்பதைவிட, பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்தேன் என்பது உண்மைக்குக் கிட்டத்தில் வரும்.) ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிட் பையோடு தாம்பரம் ஸ்டேஷனில் நிற்போம். பதினோரு பேருக்கும் சேர்த்து மூன்று ஜோடி பேட், இரண்டு ஹெல்மெட். மெட்டின் மேல் ஆட்டம், அதாவது தென்னை நார்ப் பாயை விரித்து ஆணி அடித்து அதன்மேல் ஆடுவது. மாம்பலத்தில் இறங்கினால் சோமசுந்தரம் மைதானம், கோட்டையில் இறங்கினால் கடற்கரைப் பக்கம். சட்டை மார்பில் கம்பெனிப் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி தயாரித்த பொருள் எதையும் எங்களில் யாரும் வாங்கியதில்லை, வாங்கக்கூடிய பொருளும் இல்லை. எங்களைப் பார்த்து வேறு யாராவது வாங்கியிருப்பார்கள் என்றால், பார்க்கத்தான் ஆள் இல்லையே. அப்படியானால் அந்தப் பெயர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? அந்த வயதில் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. பிற்பாடு ஜப்பானியப் பேஸ்பால் பற்றிப் படித்தபோதுதான் வந்தது.

ஜப்பானில் தொழில்முறைப் பேஸ்பால் டீம்களுக்கு ஊர்ப் பெயரைவிடக் கம்பெனிப் பெயர்தான் முக்கியம். யோமியூரி என்பது செய்தித்தாள். ஹன்ஷின் ரயில் கம்பெனி. யாகுல்ட் பால் பானம், நிப்பான் ஹாம் இறைச்சி, லோட்டே சூயிங்கம். சில டீம்கள் பிற்காலத்தில் ஊர்ப் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொண்டன. கம்பெனிப் பெயரை எடுத்துவிடவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நம்ம லீக் மாதிரியே இருக்கிறது. வரலாற்றைக் கிளறினால் நேர் எதிர்.

அங்கே இந்த விளையாட்டைக் கட்டியெழுப்பியவர்கள் ரயில்காரர்களும் பத்திரிகைக்காரர்களும். ஒசாகா அசாஹி பத்திரிகை 1915இல் பள்ளி மாணவர்களுக்கான அகில ஜப்பான் போட்டியைத் தொடங்கியது. முதல் போட்டி நடந்த டொயோனகா மைதானம் ஒரு ரயில் கம்பெனிக்குச் சொந்தமானது. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் மின்சார ரயில் ஓட்டிய ஹன்ஷின் கம்பெனி 1924இல் கோஷியென் அரங்கத்தையே கட்டியது. கணக்கு எளிமையானது. மேட்ச் பார்க்க வருகிறவன் ரயில் டிக்கெட் வாங்குவான், மறுநாள் ரிசல்ட் பார்க்கப் பேப்பர் வாங்குவான். 1934 நவம்பரில் யோமியூரி பத்திரிகையின் ஷோரிகி, பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க ஆட்டக்காரர்களை வரவழைத்தார்; டோக்கியோவின் கின்சா தெரு நெடுகக் கூட்டம் நெரிந்தது. அவர்களை எதிர்த்து ஆடத் திரட்டிய ஆட்களைக் கொண்டே ஒரு தொழில்முறை டீம் உண்டானது. 1936இல் ஏழு டீம்களோடு லீக் தொடங்கியபோது அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு செய்தித்தாளோ ஒரு ரயில் பாதையோ இருந்தது. மைனிச்சி பத்திரிகையை உள்ளே விடுவதா கூடாதா என்கிற சண்டையில் 1950இல் லீக் சென்ட்ரல், பசிபிக் என்று இரண்டாகப் பிளந்தது. அதாவது பிளவுகூட இரண்டு பேப்பர்களின் விற்பனைப் போட்டிதான். 1954இல் வரி இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது: பேஸ்பால் டீமால் வரும் நஷ்டத்தைத் தாய்க் கம்பெனி விளம்பரச் செலவாகக் கணக்குக் காட்டலாம். இதற்குப் பிறகு டீம் லாபம் சம்பாதிக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது. பெயர் பேப்பரில் வந்தால் போதும். ஆக, பார்வையாளன் டிக்கெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவன் கண் அந்தப் பெயர்மேல் விழுவதில்தான் மொத்தக் கட்டுமானமும் நிற்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். ஷோரிகி அமெரிக்கர்களை வரவழைத்த அதே 1934 நவம்பரில், 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்ச் நடந்தது. சென்னைக்கும் மைசூருக்கும். ஏ.ஜி. ராம்சிங் பதினோரு விக்கெட் எடுக்க ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1931இல், தென்னிந்திய ரயில்வே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் விட்டிருந்தது. ஒசாகா–கோபே கதை இங்கேயும் நடந்திருக்கலாம் அல்லவா? தாம்பரத்தில், பல்லாவரத்தில் நிலம் அப்போது கொட்டிக் கிடந்தது. கிறித்தவக் கல்லூரியே நகரத்தை விட்டு 1937இல் இங்கே காட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆனால் தென்னிந்திய ரயில்வே ஒரு கோஷியென்னைக் கட்டவில்லை. அதற்கு அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ரயிலின் பயணி யார் என்பது தீர்மானமான விஷயம்: காலையில் பாரிமுனைக்கும் கோட்டைக்கும் போய் சாயங்காலம் திரும்புகிற குமாஸ்தா. இவனை ஆட்டம் காட்டி ரயிலில் ஏற்ற வேண்டியதில்லை. சென்னைக் கிரிக்கெட் லீக் எந்தப் பார்வையாளனையும் தேடிப் போகவில்லை. இந்தக் குமாஸ்தாவைத்தான், அதிலும் அவனை ஆட்டக்காரனாகத்தான், தேடிப் போனது.

இதன் வேர் இன்னும் பின்னால் போகிறது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. (தாம்பரத்துக்காரனுக்கு எம்.சி.சி. என்றால் கிறித்தவக் கல்லூரி. சேப்பாக்கத்துக்காரனுக்கு அது இந்தக் கிளப். பஸ்ஸில் இதனால் வந்த குழப்பங்கள் தனிக் கதை.) அங்கே ஆடப் போகும் இந்தியர்கள் மதியச் சாப்பாட்டை மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது, வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் சாப்பிட்டார்கள், அந்த அவமானத்தில்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்று ஒரு மூலக்கதை உண்டு. சென்னைக் கிரிக்கெட்டின் எல்லா வரலாற்று நூல்களும் இதைக் கண்ணில் நீர் வரச் சொல்கின்றன. புச்சிபாபுவின் குடும்பம் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் நடுவில் நின்ற துபாஷ் குடும்பம் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நம்முடைய முதல் கிளப்பின் பணமே கம்பெனி வாசலில் சேர்ந்த பணம்தான். அந்த மரத்தடியில் பரிமாறியது யார், இலை எடுத்தது யார், மைதானத்தில் உருளை இழுத்தது யார், அவர்கள் எந்த மரத்தடியில் சாப்பிட்டார்கள் என்கிற கேள்விகளை அந்த மூலக்கதை அனுமதிப்பதில்லை. நிறவெறிக்கு எதிரான எழுச்சி என்பதாக மட்டுமே அது தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பிற்பாடு லீக்கை எப்படித் தங்கள் வீட்டுத் திண்ணை ஆக்கிக்கொண்டன என்பதைப் பேச அதில் இடமே இல்லை.

வேலைக்கும் ஆட்டத்துக்குமான முடிச்சு முதலில் துலக்கமாகத் தெரிவது எம்.ஜே. கோபாலன் விஷயத்தில். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். பந்து வீசிக்கொண்டிருந்த இளைஞனைக் கண்டுபிடித்த ஜான்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி ஆள். கோபாலனுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போனார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் அவரை ஆடவிடவில்லை. ஹாக்கி டீம் தங்கத்தோடு திரும்பியது. இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும் விளையாட்டு எழுத்தாளர்கள் பர்மா ஷெல்லைப் பற்றி யோசிப்பதில்லை. ஆட்டத்துக்காகக் கிடைத்த வேலை, ஆட்டம் முடிந்த பிறகும் மாதச் சம்பளமாகத் தொடர்வது: தங்கப் பதக்கத்தைவிட இது பெரிய விஷயம் என்று மூன்று தலைமுறை ஆட்டக்காரர்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில் தப்பு இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இதுவே அமைப்பாகிவிட்டது. ஸ்டேட் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், ஏ.ஜி. ஆபீஸ், ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். என்று பொதுத்துறை டீம்கள் ஒரு பக்கம். இந்தியா பிஸ்டன்ஸ், கெம்பிளாஸ்ட் ஆதரித்த ஜாலி ரோவர்ஸ், எஸ்.பி.ஐ.சி., இந்தியா சிமெண்ட்ஸ் என்று தனியார் இன்னொரு பக்கம். முதல் டிவிஷன் வெற்றிக் கேடயத்துக்கு இன்றைக்கும் பாளையம்பட்டி ராஜா பெயர்தான். ஜமீன்தார் கொடுத்த கேடயத்துக்காக பாங்க்கும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். நிலவுடைமையிலிருந்து முதலாளியத்துக்கு மாறுவது பற்றி நாம் நடத்திய வகுப்புகளில் இதைவிட நல்ல உதாரணம் சிக்கியதில்லை.

இந்த ஆட்டக்காரன் ஏட்டில் யார்? தொழில்முறை ஆட்டக்காரன் கிடையாது, அமெச்சூர். சம்பளப் பட்டியலில் அவன் குமாஸ்தா, காசாளர், ஃபிட்டர். மதியம் மூன்று மணிக்கு வலைப் பயிற்சிக்குப் போக அனுமதி. வாங்குகிற சம்பளம் செய்யாத வேலைக்கு, செய்கிற வேலைக்குப் பெயர் பொழுதுபோக்கு. ஆட்டக்காரன் என்கிற முறையில் அவனுடைய உழைப்பு எந்த ஆவணத்திலும் உழைப்பாக இல்லை. ஆகவே அதற்கு ஒப்பந்தம் இல்லை, சங்கம் இல்லை, காயம்பட்டால் நஷ்டஈடு இல்லை. அமெச்சூர் என்கிற சொல்லாடலின் அதிகாரம் இங்கேதான் வேலை செய்கிறது. இங்கிலாந்தில் கனவான்கள், கூலி ஆட்டக்காரர்கள் என்று பிரித்து வைத்திருந்ததை 1962இல் ஒழித்தார்கள். அங்கே அது வெளிப்படையான வர்க்கப் பிரிவு, கண்ணுக்குத் தெரிந்தது, ஒழிக்க முடிந்தது. நம்மிடம் இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது. எங்கள் டீமில் வேகப்பந்து போட்டவன் கடப்பேரிக்காரன், அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவனுக்கு இந்தியாவுக்கு ஆடும் கனவெல்லாம் இருந்ததாக ஞாபகமில்லை. "ரெண்டு சீசன் ஒழுங்கா விக்கெட் எடுத்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால எங்கயாவது சொருகிருவாங்கடா" என்பான். ரன் எண்ணிக்கைக்கு மேல் வேலையைப் பற்றிப் பேசிய டிரெஸ்ஸிங் ரூம் எங்களுடையது. (டிரெஸ்ஸிங் ரூம் என்பது வேப்பமரம்.) எங்கள் கம்பெனி அவனைத் தற்காலிகமாக எடுத்தது, மூன்று வருஷம் தற்காலிகமாகவே வைத்திருந்தது, தோள்பட்டை போனதும் சீட்டைக் கிழித்தது. புகார் கொடுக்கலாம் என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோள் எப்படிப் போச்சு? மெஷின்லயா?" என்றார். பந்து போட்டு, என்றோம். அதோடு முடிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அவர் கையில் இருந்த சட்டத்தில் பந்து போடுவது வேலை இல்லை.

கம்பெனிக்கு இதில் என்ன கிடைத்தது? விளம்பரம் இல்லை என்று பார்த்தோம். முதலாளிக்குக் கிரிக்கெட் மேல் ஆசை என்பது ஒரு பதில். பல வீட்டுப் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாக ஆடினார்கள், உண்மையிலேயே ஆசைப்பட்டார்கள். ஆனால் ஆசை மட்டும் டீம்களைப் பெருக்காது. லீக்கில் இருக்கும் கிளப், சங்கத்தின் உறுப்பினர். உறுப்பினருக்கு ஓட்டு. மாவட்டச் சங்கங்களுக்கும் ஓட்டு உண்டு, ஆனால் எண்ணிக்கையில் நகரத்துக் கிளப்புகள்தான் பெரிய கட்சி. தேய்ந்துபோன பழைய பேட்டைக் கிளப் ஒன்றைக் காசு போட்டுத் தத்தெடுத்தால் பதினோரு ஆட்டக்காரர்களோடு ஒரு ஓட்டும் கூட வருகிறது. இந்தியா சிமெண்ட்ஸ் ஒரு டீமோடு நிற்காமல் பல டீம்களை வைத்துக்கொண்டிருந்ததை இந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். சங்கம் கையிலிருந்தால் வாரியத்தில் இடம். எம்.ஏ. சிதம்பரம் 1960 முதல் 1963 வரை வாரியத் தலைவர். சேப்பாக்கம் அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர். அவருடைய மகன், எஸ்.பி.ஐ.சி.யின் ஏ.சி. முத்தையா, 1999 முதல் 2001 வரை. அடுத்து இந்தியா சிமெண்ட்ஸ் சீனிவாசன். உரக் கம்பெனியும் சிமெண்டுக் கம்பெனியும் மாறி மாறி ஆண்டன என்றால் கேலியாக இருக்கும், ஆனால் அது கேலி இல்லை. அந்த வாரியமே சென்னையில் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு தனியார் சங்கம்தான், நம்ம தெருக் குடியிருப்போர் சங்கம் மாதிரி.

ஒரு விஷயம் தெற்குப் புறநகரில் இருக்கிறவர்களுக்குக் கண்ணெதிரே தெரியும். நகரத்துக்குள் மைதானம் சுருங்கச் சுருங்க லீக் தெற்கே நகர்ந்தது. வேளச்சேரியில் குருநானக் கல்லூரி மைதானம், கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் ஒன்று, தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒன்று. ஸ்கோர் அட்டையில் இவற்றின் பெயர்கள் எப்படி அச்சாகின்றன என்று கவனியுங்கள்: ஐ.சி.–குருநானக், ஐ.ஐ.டி.–கெம்பிளாஸ்ட், சி.பி.டி.–ஐ.பி. நிலம் கல்லூரியுடையது, புல்லும் உருளையும் கம்பெனியுடையது. நடுவில் ஒரு சின்னக் கோடு. பழைய மாமல்லபுரம் சாலையில், வண்டலூருக்கு அப்பால், தனியார் பொறியியல் கல்லூரிகள் வந்தபோது லீக் அங்கேயும் போனது. ஊர்க்காரன் வேலிக்கு வெளியே மாடு ஓட்டிக்கொண்டு போவான். உள்ளே முதல் டிவிஷன் மேட்ச் நடக்கும். இவன் அவனைப் பார்க்கமாட்டான், அவன் இவனைப் பார்க்கமாட்டான். குரோம்பேட்டை மாதிரி, தோல் கம்பெனியின் பெயரை ஊரே சுமந்துகொண்டிருக்கும் பகுதியில் இது புதுசும் இல்லை.

பார்வையாளர்கள் இங்கே இல்லாமல் இல்லை. கோடையில் வற்றின சிட்லபாக்கம் ஏரியிலும் இரும்புலியூர் ஏரியிலும் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் நடந்தபோது கரை நிறைய ஆள் இருந்தார்கள். மைக் செட், ஷாமியானா, காசுப் பரிசு, வெளியூர் டீம்கள், சாதிப் பெயரைச் சொல்லாமல் சொல்லும் டீம் பெயர்கள், சண்டை. கடப்பேரிக்காரன் அங்கே ஹீரோ. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு ஓட்டு கிடையாது, வேலை கிடையாது, பதிவேடு கிடையாது. ஒரு பக்கம் கூட்டமில்லாத, ஆனால் பதிவான லீக்; இன்னொரு பக்கம் கூட்டமிருந்தும் பதிவாகாத லீக். இரண்டுக்கும் நடுவில் ஏறிப் போகிற வழி ரொம்பக் குறுகலாக இருந்தது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த வழியில் வந்தவர். டென்னிஸ் பந்திலிருந்து நான்காம் டிவிஷன் பி.எஸ்.என்.எல். டீம், அங்கிருந்து விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். அவரைக் காட்டி வழி திறந்திருக்கிறது என்கிறார்கள். ஒருத்தர் பெயரை இவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருப்பதே வழியின் அகலத்தைக் காட்டிவிடுகிறது. தமிழ் சினிமா இந்த விஷயத்தில் நம் கட்டுரையாளர்களைவிடக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கிறது: 2014இல் 'ஜீவா', 2024இல் 'லப்பர் பந்து'.

2008இல் ஐ.பி.எல். வந்ததும் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது, கிரிக்கெட் அன்றைக்குத்தான் வியாபாரமானது என்று புலம்புவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2008 ஜனவரியில் 9 கோடி 10 லட்சம் டாலருக்குச் சென்னை டீமை ஏலம் எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். ஏலம் நடத்திய வாரியத்தின் பொருளாளர் அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். வாரிய நிர்வாகிகளுக்கு வியாபார லாப சம்பந்தம் கூடாது என்றிருந்த விதியை அதே வருஷம் செப்டம்பரில் ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துத் திருத்தினார்கள். நீதிமன்றத்துக்குப் போனவர் ஏ.சி. முத்தையா. ஓட்டுப் பெட்டியில் நடந்த பழைய கம்பெனிச் சண்டை கோர்ட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது, வாரியம் தனியார் சங்கமானாலும் அது செய்வது பொதுக் காரியம் என்றது. அதே ஜூலையில் லோதா குழு, சூதாட்ட விவகாரத்தில், சென்னை டீமை இரண்டு வருஷம் நிறுத்திவைத்தது. இடைவெளியில், 2016இல், மாநிலச் சங்கம் தன்னுடைய டி.என்.பி.எல்.லைத் தொடங்கியது. அதன் மைதானங்களில் ஒன்று திருநெல்வேலி சங்கர் நகரில், இந்தியா சிமெண்ட்ஸ் ஆலைக் குடியிருப்பில் இருக்கும் கம்பெனி மைதானம். 2019இல் சீனிவாசனின் மகள் சங்கத் தலைவரானபோது மாநிலச் சங்கம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று பத்திரிகைகள் பெருமைப்பட்டன. பெண்ணிய நண்பர்கள் சிலரும் பெருமைப்பட்டார்கள், என்னத்தைச் சொல்ல. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியே அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அதற்கெல்லாம் முன்பே டீமைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து வெளியே எடுத்திருந்தார்கள். சிமெண்ட் போனது, டீம் நின்றது. கூட்டம் தேவைப்படாத லீக்கில் சேர்த்த ஓட்டை வைத்துத்தான் கூட்டத்தை விற்கும் லீக்கில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் என் வாதம்.

தோனி இதன் நடமாடும் ஆவணம். 2001 முதல் 2003 வரை தென்கிழக்கு ரயில்வேயில், கரக்பூரில், டிக்கெட் பரிசோதகர். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. 2008 ஏலத்தில் 15 லட்சம் டாலர். அப்புறம் 2012இல் இந்தியா சிமெண்ட்ஸ் அவரைத் துணைத் தலைவராக நியமித்ததாகச் செய்தி வந்தது. கோடிகளில் புரளும் ஆட்டக்காரனுக்குச் சிமெண்டுக் கம்பெனியில் எதற்கு உத்தியோகம் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பர்மா ஷெல் ஞாபகம் வந்தது. அந்த அமைப்புக்கு ஆட்டக்காரனை வேறு மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஜப்பானிலும் ஆட்டக்காரனை வேலையாளாக வைத்துக்கொண்டார்கள்தான். ஆனால் தொழில்முறை லீக்கில் அவன் ஏட்டிலும் ஆட்டக்காரன். அதனால் 1985இல் அவர்களுடைய அமைப்பு சட்டப்படி தொழிற்சங்கமாக அங்கீகாரம் பெற முடிந்தது. 2004இல் கின்டெட்சு ரயில் கம்பெனி தன் டீமை ஓரிக்ஸோடு இணைத்துவிட்டு ஒதுங்கப் பார்த்தபோது சங்கத் தலைவர் ஃபுருட்டா பேச்சுவார்த்தை கேட்டார். யோமியூரி முதலாளி வாடனாபே, வெறும் ஆட்டக்காரன்தானே என்கிற மாதிரி இளக்காரமாகப் பேசினார். செப்டம்பர் 18, 19 இரண்டு நாள் வேலைநிறுத்தம். அந்த லீக்கின் வரலாற்றில் முதல் தடவை. பார்வையாளர்கள் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார்கள். இணைப்பைத் தடுக்க முடியவில்லை, ஆனால் அடுத்த வருஷமே ரகுட்டென் என்கிற புது டீம் உள்ளே வந்தது, டீம்களின் எண்ணிக்கை குறையவில்லை. கூட்டத்தை மயக்கத்தில் கிடக்கும் கூட்டமாக மட்டும் பார்க்கிற தோழர்கள் இந்த இரண்டு நாளைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

நம்ம லீக்கின் உண்மையான சகோதரன் அந்தத் தொழில்முறை லீக் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் பேஸ்பால் என்று தனியாக ஒன்று உண்டு. கம்பெனி ஊழியர்களின் டீம்கள், 1927 முதல் நகரங்களுக்கிடையிலான பெரிய போட்டி. பொருளாதாரம் சரிந்தபின் தொண்ணூறுகளிலிருந்து அந்த டீம்களைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. நிஸான் தன் இரண்டு டீம்களையும் 2009 சீசனோடு நிறுத்தியது. அடுத்த மார்ச்சில், ரெனோவோடு சேர்ந்து, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தில் கார் ஆலையைத் திறந்தது. ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்கள் விடிகாலையில் தாம்பரத்தைக் கடந்து போகும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தக்காரர், பயிற்சியாளர், அப்ரண்டிஸ் என்று ஏதோ ஒரு தற்காலிகப் பெயரில் இருப்பவர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றி அந்தப் பையன்களிடம் கேட்டேன். ஷிஃப்டு முடிந்து ஏரியில் ஆடுகிறோம் சார் என்றார்கள். எந்த ஏரி என்றதும் சிரித்தார்கள். ஏரியில் இப்போது பிளாட்.

லோதா குழு சொல்லி 2019இல் இந்தியாவில் ஒருவழியாக ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வந்தது. இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். அதிலும் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஆடியிருக்க வேண்டும். கடப்பேரிக்காரன் மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை அவன் கடையில்தான் நகல் எடுத்தேன். நகல் எடுத்துக்கொண்டே நாலு வரி படித்துவிட்டு, "மெட் ஆணியப் பத்தி எழுதியிருக்க, அத யாரு அடிச்சாங்கன்னு எழுதலயே" என்றான். நான்தான் அடித்தேன், பன்னிரண்டாவது ஆள் வேலை, என்றேன். "நீ வர்றதுக்கு முன்னாடி?" என்றான். எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு நாங்கள் போகும்போது பாய் ஏற்கெனவே மைதானத்தின் நடுவில் கிடக்கும்.